சுலபமான கேள்வி

யாரோ போட்டுவிட்ட மின்விசிறியைச் செயலாளர் மறுபடியும் நிறுத்தினார்.

கட்டிலில் கிடந்த அம்மாளின் மூடிய இமைகள் மேலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, புதிதாக நனைத்த பஞ்சை வைத்தார். புழுக்கம் தாங்காமல் உறவினர்கள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டார்கள். காற்று பட்டால் கண் உலர்ந்துவிடும் என்று யாரும் கேட்காமலே விளக்கினார்.

அவருடைய சேவைச் சங்கம் பிறந்தது ஒரு சலூன் மாடியில். முதல் சேவை, பேருந்து நிலையத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியைவிட அதில் பதித்த பெயர்ப்பலகை பெரிது. யார் பெயர் முதலில் வருவது என்று அடித்துக்கொண்டதில் பாதிப் பேர் விலகிப்போனார்கள்.

மிஞ்சியவர்களைக் கண் பக்கம் திருப்பியவர் இவர்தான். முதலில் இலவசக் கண் சிகிச்சை முகாம், பிறகு கண் தானம். எங்கே சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். செயலாளரைச் சாவு வீட்டில் பிடிக்கலாம், சொந்த வீட்டில் பிடிக்க முடியாது என்று சங்கத்தில் கேலி உண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சங்கத்தில் ஒரு வழக்கம். இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டில் ஒரே ஒருவர் மறுத்தாலும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

இன்று துணைக்கு வந்தவர் பாத்திரக்கடைக்காரர். சுவரோரம் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். மகள் மட்டும் பாக்கி. வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றாமல் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் கண் வங்கியின் வேன் நின்றது. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதில் பெரும்பகுதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்வைக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

செயலாளர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு கேட்கக் கூடாது என்பது அவர் அனுபவத்தில் கற்றது. எத்தனையோ வீடுகளில் சொன்னதை அதே சொற்களில், அதே நிதானத்தில் சொன்னார்.

அவள் பஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

பாதி வீடுகள் கைநழுவிப் போவது இந்த இடத்தில்தான். செயலாளருக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் இதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. பெரிய கேள்விக்கு வாயடைத்துப்போனவர்களிடம் சுலபமான கேள்வி ஒன்றைப் போட வேண்டும். டாக்டர் எப்படியும் கேட்கப்போவதுதான். அதற்குப் பதில் வந்துவிட்டால், சம்மதமும் பின்னாலேயே வந்துவிடும்.

“அவங்களுக்குக் கண்ணுல எப்பவாவது ஆபரேஷன் பண்ணியிருக்காம்மா?”

பாத்திரக்கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கேட்டவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பஞ்சின் மேலிருந்த கையை எடுத்தாள்.

“போன வருஷம் என் வீட்டுல வந்து இருந்தப்ப ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தோம், அப்பா. நீ முகாம் வேலையா அலைஞ்சிட்டிருந்த, உன்கிட்ட சொல்ல வேணாம்னு அம்மாதான் சொன்னா. போ, வேன்ல இருக்கறவங்கள வரச் சொல்லு.”