பாடியவர்: டெஸ்ட்

"பாடுனது எங்கம்மா. அஞ்சலைன்னு அவங்க பேரைப் போடுங்க சார்."

முதலாளியிடம் பேர் போடச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். வளர்மதி கேட்டுவிட்டாள்.

பாட்டு விற்கும் அவருடைய இணையதளத்தைக் கட்டியது அவள். சோதித்துப் பார்க்க, செத்துப்போன அம்மாவின் பாட்டை ஏற்றி, பாடியவர் 'டெஸ்ட்' என்று அடித்தவளும் அவள்தான். எடுக்க மறந்துவிட்டாள். இப்போது அதுதான் சக்கைப்போடு போடுகிறது. பதிந்த போன் உடைந்ததிலிருந்து அவளிடம் வேறு பிரதி கிடையாது.

முதலாளி சிரித்தார். "டெஸ்ட்டு நல்லாத்தானே ஓடுது? அஞ்சலைன்னு போட்டா எவன்மா வாங்குவான்?"

தன் இடத்துக்கு வந்து அந்தப் பாட்டுக்கு நேரே இருந்த 'அழி'யை அழுத்தினாள். 'அழித்தால் திரும்ப வராது. சரியா?' என்றது தளம். அந்தக் கேள்வியை எழுதியவளும் அவள்தான்.

சரி.

இனி அம்மாவின் குரல் வாங்கியவர்களிடம் மட்டும் இருக்கும். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.