சோழிகள் பரப்பிய கூடம்

கணக்குத் தொடங்கிய நாற்பத்தோராம் நாள் காலையிலும் வாமனர் கூடத்துத் தரையில் குந்தியிருந்தார். சுவருக்குச் சுவர் சோழிகள் எண்களாக வரிசை கட்டிக் கிடந்தன. வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பின்னத்தைக் கூட்டி, அதைவிடச் சிறியதைக் கழித்து, அதனினும் சிறியதைக் கூட்டிக்கொண்டே போனால் விடை நெருங்கி வரும். பின்னங்கள் மட்டும் ஒருநாளும் தீரா. அதை நிறுவியவரே அவர்தான்.

விடியுமுன் மகள் தாத்ரி காய்ச்சலில் இறந்துபோனாள். ஆறு வயது. தெற்கே தலைவைத்துக் கிடத்த அந்த வீட்டில் கூடம் ஒன்றுதான் உண்டு. வெளியே அடைமழை. பின்கட்டில், ஒழுகும் கூரைக்கடியில், தாய் கௌரி அவளை மடியில் வைத்திருந்தாள்.

மைத்துனன் கேசவன் துடைப்பத்தோடு வந்து நின்றான்.

"பெத்த பிள்ளை கிடக்க இடமில்லை. அத்தானுக்குச் சோழியாட்டம் கேக்குதா?"

"தொடாதே கேசவா. ஒண்ணு நகர்ந்தாலும் எல்லாம் போச்சு."

கையிலிருந்த சோழியை எங்கே வைக்க வேண்டுமென்று அவருக்குத் தெரியும். கைதான் இறங்கவில்லை. விடிந்ததிலிருந்து அவர் பின்கட்டுப் பக்கம் திரும்பவேயில்லை.

கௌரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். குளிப்பாட்டிய ஈரத்தோடு பிள்ளையின் கூந்தல் அவள் முழங்கைக்குக் கீழே தொங்கியது. தம்பியைக் கண்ணாலேயே விலகச் சொன்னாள்.

"இந்தக் கணக்கு முடியட்டும் கௌரி. நானே அள்ளிடறேன்" என்றார் வாமனர், நிமிராமல்.

அவள் ஒரு சோழியையும் மிதிக்காமல் படியிலேயே உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டாள்.

"சரி, காத்திருக்கேன். இன்னும் எத்தனை பின்னம் பாக்கி?"