டீசல் சண்டை

"நாலு சக்கர டிரெய்லரை இழுத்தாத்தான் டீசல் மிச்சமாகும்" என்றான் அமுதவாணன். மயிலாடுதுறையில் வாடகைக்கு டிராக்டர் ஓட்டுபவன்.

"யாருங்க சொன்னது?" என்று சிரித்தாள் குந்தவை. அவளும் திருப்பனந்தாளில் சொந்த டிராக்டரில் நெல் மூட்டை ஏற்றிப் போகிறவள்தான். "ரெண்டு சக்கர டிரெய்லர்னா கொஞ்சம் பாரம் டிராக்டர் மேல உக்காரும். பின் டயர் சேத்துல வழுக்காது. வழுக்கிச் சுத்துற டயர்தாங்க டீசலைக் குடிக்குது!"

"வயலுக்குச் சரிங்க. தார் ரோட்டுக்கு?"

"வயல்லேருந்து ரோட்டுக்கு எப்படி வருவீங்க, பறந்தா?"

அமுதவாணனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"நாலு சக்கரம்னா முழுப் பாரத்தையும் அதுவே தாங்கிக்கும்!" என்று மேசையைத் தட்டினான். அவள் அதைவிடப் பலமாகத் தட்டினாள். டம்ளரில் இருந்த காபி அவன் சட்டையில் தெறித்தது. இருவரும் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள்.

கதவு படாரென்று திறந்தது. குந்தவையின் அம்மா மங்களாம்பிகை பதறிப்போய் நின்றாள்.

"தனியாப் பேசிப் பாருங்கன்னு அனுப்பினா, பொண்ணு பார்க்க வந்தவர்கிட்ட இப்படியாடி சண்டை போடுவே? பிடிக்கலைன்னா மெதுவாச் சொல்லக் கூடாதா? அவரு அப்பா அம்மா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க!"

"ஐயோ, பிடிக்கலைன்னு யாரும்மா சொன்னது?" என்று பதறினாள் குந்தவை. "அவங்களை உக்காரச் சொல்லு. இவரை ஒத்துக்க வைக்க எனக்கு ஆயுசு முழுக்க வேணும்!"

அமுதவாணன் வாசலைப் பார்த்துக் கத்தினான்:

"அப்பா, செருப்பைக் கழட்டுங்க!"