ஒட்டில் பதிந்த பெருவிரல்

ஆரையம்பதி வாவிக்கரையில் வெயில் அசையாமல் நிற்கிறது. புதிது வாங்க வழியில்லாமல் வாகரையிலிருந்து கொண்டுவந்த பழைய படகு எஞ்சினைச் சாக்கின்மேல் பிரித்துப் போட்டிருக்கிறான் பிரதீஸ். அவனுடைய அண்ணன் மனைவி கஜானி எஞ்சின் மூடியைத் தண்ணீர் தொட்டுச் சாண்ட்பேப்பரால் தேய்க்கிறாள். நீலப் பெயின்ட் போய்ச் சிவப்பு தெரிகிறது. சிவப்பும் போன இடத்தில் வெடிப்பை அடைத்த ஒரு பைபர் ஒட்டு. அது காயுமுன் யாரோ பெருவிரலால் அழுத்திய தடம் அப்படியே இருக்கிறது. அவள் தன் விரலை வைத்துப் பார்க்கிறாள். பொருந்துகிறது. நான்கு வருடத்துக்கு முன், அவள் புருசன் உதயரூபன் கடைசியாகக் கடலுக்குப் போவதற்கு முதல்நாள், அவள் கையால் வைத்த ஒட்டு அது. படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. முப்பத்தோராம் நாள் காரியமும் செய்தாயிற்று. "தம்பி, இது உன்ட அண்ணன்ட மெசின்." பிரதீஸ் சிரிக்கிறான். "உங்களுக்கு விசரா மச்சாள்? கடலுக்க மூழ்கின மெசின் இப்பிடியா இருக்கும்?" சொல்லிக்கொண்டே சிலிண்டருக்குள் விரலை விட்டு எடுக்கிறான். கறுத்த எண்ணெய் மட்டும் வருகிறது. உப்புமில்லை, துருவுமில்லை. அவன் சிரிப்பு நின்றுபோகிறது. வாவியில் ஒரு மீன் துள்ளி விழுவது பெரிதாகக் கேட்கிறது. "வித்த ஆள் ஆரு?" "ஆளைக் காணல்ல மச்சாள். ஒரு பொம்புளதான் வாசலுக்கு வந்து தந்தவ. உள்ளுக்க ஆரோ இருமின சத்தம் கேட்டது." "எப்பிடி?" அவன் தயங்கி, குட்டையாக இரண்டு தரம், பிறகு நீட்டி ஒரு தரம் இருமிக் காட்டுகிறான். நான்கு வருடமாக இந்த வீட்டில் கேட்காத இருமல். கஜானி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள். மாலை போட்ட உதயரூபனின் படத்துக்கு முன்னால் காலையில் ஏற்றிய விளக்கை வாயால் ஊதி நூர்க்கிறாள்.