வருஷத்தை அடித்தது யார்?

கொழுந்தன் பெட்டியைக் கீழே வைக்கக்கூட அண்ணி விடவில்லை.

“வாங்க தம்பி. மூணு நாளா டி.வி.யில உங்க முகம்தான்.”

அவர் ஷூவைக் கழற்றினார்.

பருவநிலை மாநாட்டில் பேச அனுமதி கேட்டு நாட்டின் பெயர்ப் பலகையைத் தூக்கிப் பிடித்து, நிலக்கரி மின்நிலையங்களை மூடும் வருஷத்தை ஒப்பந்தத்திலிருந்து அடிக்கச் சொன்ன அதிகாரி அவர்தான். மற்ற நாட்டுக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டதை உலகமே பார்த்தது.

அந்த மின்நிலையங்களில் ஒன்று இந்த வீட்டு மொட்டைமாடிக்கு நேர் எதிரே நிற்கிறது. காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். அண்ணியின் எட்டு வயது மகள் இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் போவதில்லை.

மாநாட்டுக்குப் போகும்போது இதே சோபாவில் உட்கார்ந்து, ஐந்தே வருஷத்தில் மூடிவிடுவோம் என்று குழந்தையிடம் சொன்னது யார், அந்த ஊர்க் குளிரில் முதுகெலும்பு உறைந்துபோயிற்றா, அமைச்சர் கண்ணைக் காட்டினால் எதையும் அடிப்பாரா என்று அண்ணி வெளுத்து வாங்கினாள். சமாதானம் சொல்ல வந்த கணவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

“யாருக்குப் பயந்து அடிச்சீங்க?”

“அடுத்த மாசம் தேர்தல், அண்ணி. இங்கேயிருந்து ஒரு மனு போயிருக்கு. அதைப் பாத்து நூறு தெருக்காரங்க அதே மாதிரி எழுத, அமைச்சர் மிரண்டு மாநாட்டு ஹாலுக்கே போன் பண்ணிட்டார்.”

“யார் அனுப்பினது? கரி லாரி முதலாளிங்களா, யூனியன்காரங்களா? பிள்ளைங்க மூச்சைவிட என்ன பெருசாப் போச்சு அவங்களுக்கு? பேரைச் சொல்லுங்க, வாசல்ல போய் நின்னு கேக்கறேன்.”

கொழுந்தன் தயங்கினார். அண்ணன் தண்ணீர் எடுக்க உள்ளே போகும்வரை காத்திருந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

“மூடறதுன்னா மாற்று மின்சாரத்துக்காக மூணு வருஷம் கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். ஒரு காசு ஏத்தினாலும் எங்க தெருவுல ஒரு ஓட்டு விழாதுன்னு எழுதியிருக்காங்க.”

அண்ணி காகிதத்தைப் பிரித்தாள். பார்த்த வேகத்தில் நாலாக மடித்தாள்.

“அனுப்பினவங்க பேரை நான் எங்கேயும் சொல்லலை. ஆனா உங்க இங்கிலீஷை அமைச்சர் ரொம்பப் பாராட்டினார், அண்ணி.”