வாசல் பக்கத்து இடம்

அவள் நாலாவது முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

முழங்கால்கள். மூன்று ஹெல்மெட்டுகள். அவற்றுக்கு அப்பால், விமானியின் முதுகை ஒட்டினாற்போல, அப்பாவின் நெற்றி மட்டும்.

விமானத்தில் இருக்கைகளே கிடையாது. பாராசூட்டில் குதிக்கிறவர்களுக்காக எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். வால்பக்கம் பார்த்தபடி, ஒருவர் கால்களுக்கு நடுவில் ஒருவராகத் தரையில் உட்கார வேண்டும். கடைசியாகக் குதிப்பவர் முதலில் ஏறி உள்ளே போவார். முதலில் குதிப்பவருக்கு வாசல்.

இன்றைக்கு வாசல் அவளுக்கு.

அப்பா சீனிராஜ், முப்பத்தோரு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். காலையில் வெள்ளைப் பலகையில் எழுதியிருந்த வரிசையைப் பார்த்ததும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"மொதல்ல எறங்குறவங்க படிக்கட்டுப் பக்கம். சரியாத்தான் போட்டிருக்காங்க."



நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சே இல்லாமல் இருந்தது. தன் நிச்சயதார்த்தம் என்று குறித்திருந்த நாளில், வீடு விழித்துக்கொள்ளும் முன்னால், ஒரு பையோடு கிளம்பி வந்தவள் அவள். போன மாதம் யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு அவராகவே போன் செய்தார். நீ குதிக்கிறதைப் பார்க்க வேண்டும் என்றார். கீழே நின்றாலே தெரியும் என்றாள் அவள்.

கீழே இருந்து வேண்டாம் என்றார்.

விமானம் சாய்ந்து வட்டமடித்தது. அவள் மார்புப் பட்டையை இழுத்துப் பார்த்தாள். சற்று முன்புதான் இழுத்துப் பார்த்திருந்தாள். மணிக்கட்டிலிருந்த உயரமானி ஒன்பதாயிரம் அடி காட்டியது. கட்டைவிரல் நகத்தைக் கடிக்கப்போய், கையுறையைக் கடித்தாள்.

இடம் மாற்றித் தரும்படி பெனடிக்டிடம் கேட்டுப் பார்த்திருந்தாள். அவர்தான் பயிற்சியாளர். அப்பாவைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கப்போகிறவர். ஜோடியாகக் குதிக்கிறவர்கள் கடைசியில்தான் போக வேண்டும், சும்மா இடத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

பதினோராயிரம்.

அப்பாவுக்குக் காது அடைத்திருக்குமோ. எச்சில் விழுங்கச் சொல்லியிருக்கலாம்.

பதிமூன்றாயிரம்.

கதவு மேலே சுருண்டது. குளிர்ந்த காற்று உள்ளே பாய்ந்தது. விளக்கு சிவப்பாக எரிந்தது. அவள் மறுபடியும் திரும்பினாள். பின்னாலிருந்தவர் கண்ணாடியைச் சரிசெய்யக் குனிந்தவர், நிமிர்ந்தபோது அந்த நெற்றியை முழுசாக மறைத்துவிட்டார். அவள் இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள்.

பச்சை.

தோளில் ஒரு தட்டு.

போனாள்.

விழுகிற அந்த ஐம்பது வினாடிதான் அவள் மனசு பேசாமல் இருக்கிற நேரம். அதற்காகத்தான் குதிக்கவே வந்தாள். இன்றைக்கு அப்போதும் அது ஓயவில்லை.

பாராசூட் விரிந்ததும் அண்ணாந்து பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. தன்னுடையதோடு நாலு.

ஐந்து இருக்க வேண்டும்.

தரையில் கால் பட்ட பிறகும் எண்ணினாள். வானம் வெறுமனே கிடந்தது. காற்று பாராசூட் துணியை இழுத்துக்கொண்டு போனது. அவள் அதைச் சுருட்டவில்லை. ஓடுதளத்தை நோக்கி ஓடினாள்.

விமானம் இறங்கி வந்து நின்றது. பெனடிக்ட் முதலில் இறங்கினார்.

"கடைசி நேரத்துல வேணாம்னுட்டாரு. வேணாம்னு ஒருத்தர் சொல்லிட்டா, நாங்க வற்புறுத்துறதில்ல."

பின்னாலேயே அப்பா. கட்டியிருந்த பட்டைகள் தொடையில் தொங்கின.

"பயந்துட்டீங்களாப்பா?"

"பயமெல்லாம் இல்ல, பாப்பா."

ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடி ஒரே முதுகா இருந்துச்சு. நீ எப்பப் போனேன்னே தெரியல. எட்டிப் பாக்குறேன், நீ இருந்த எடம் காலியாக் கெடக்கு. அதுக்கப்புறம் எனக்கு மனசு வரல."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறாரா, அவள் வீட்டைவிட்டு வந்த அந்த விடியலையா என்று அவள் கேட்கவில்லை. பட்டையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

அடுத்த விமானம் பதினொன்றரைக்கு. விருப்பமிருந்தால் அதில் அவர் வரலாம் என்றார் பெனடிக்ட். அப்பா அவளைப் பார்த்தார்.

அவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அதில் வாசல் இடத்துக்கு நேராக எழுதியிருந்த தன் பெயரை உள்ளங்கையால் அழித்தாள். உயரத்திலேயே பாராசூட்டை விரிக்கிறவர்கள் எல்லோருக்கும், ஜோடிக்கும்கூட, பின்னால் குதிக்கலாம். அப்படி விரிப்பதாகப் பெனடிக்டிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவள் மார்க்கரை எடுத்து, உள்கோடியில், சீனிராஜ் என்ற பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

அப்பா பின்னால் வந்து நின்று வாசித்தார்.

"அப்ப நம்ம ரெண்டு பேர்ல யாரு மொதல்ல?"

"நீங்கதாம்ப்பா."

சொன்ன பிறகுதான் அதன் இன்னொரு அர்த்தம் அவள் காதில் விழுந்தது.

அவர் தலையாட்டினார்.

"அதான முறை."

குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பெனடிக்டைக் கேட்டுக்கொண்டு, கொட்டகை நிழலைப் பார்த்து நடந்தார்.

அவர் உள்ளே போகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.