ஈப்போ போகும் வண்டி

“பேட்டரி தாங்கணும் தம்பி. தாய்லாந்து வரைக்கும் போற வண்டிலா இது,” என்றார் விமலன். டுரியான் துங்கால் ஊரிலேயே, படுக்கையும் அடுப்புமாய் வீடுபோல் இருக்கும் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர் தாம் ஒருவர்தான் என்பதை மூன்றாவது முறையாகச் சொன்னார்.

வண்டிக்குள் பழைய பல்புகளைக் கழற்றிய ஒயர்மேன் தர்ஷன், “எல்.இ.டி. மஞ்சளா, வெள்ளையா அங்கிள்?” என்று கேட்டான்.

“மஞ்சள்தான் கிளாஸ்!”

“வெள்ளையே போடுங்க தம்பி, பளிச்சுன்னு,” என்றார் மனைவி அனுசியா.

விமலன் சட்டை மாற்ற வீட்டுக்குள் போனதும், பேட்டரியைப் பார்க்க தர்ஷன் பானெட்டைத் திறந்தான். அங்கே இன்ஜினே இல்லை.

“என்ன ஆன்ட்டி இது?”

“என் முட்டி ஆப்பரேஷனுக்காக வித்துட்டாரு. வெளிய சொல்லிடாதீங்க.” அனுசியா குரலைத் தாழ்த்தினார். “தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் ஏறி உக்காருவோம். அவரு ஓட்டுவாரு. பழைய பல்பு மங்கல், ஜன்னல்ல பக்கத்து வீட்டுத் துணிக்கொடி தெரியுது. உள்ள பளிச்சுன்னு இருந்தா வெளிய ஒண்ணும் தெரியாதுல்ல? எந்த ஊருன்னாலும் நம்பலாம்.”

பொழுது சாய்ந்தது. புதுத் தொப்பியோடு வந்த விமலன் ஸ்டீரிங்கைப் பிடித்தார். “அனு, பெல்ட் போடு. இன்னிக்கு ஈப்போ.”

தர்ஷன் வெள்ளை விளக்குகளைப் போட்டான். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியைத் தட்டினான்.

“மழை வர்ற மாதிரி இருக்கு அங்கிள். ஹைவேல மெதுவாப் போங்க.”